சீரகம் என்றால் ‘குமின’ அல்ல: மசாலாப் பெயர்களை ஃபின்னிஷில் எழுதும் முறை

சீரகத்துக்கு ஃபின்னிஷ் சொல் தேடுகிறவர்கள் முதலில் விழும் குழி ‘குமின’. ஆங்கிலத்துக் ‘கமின்’ காதில் ஏற்கெனவே இருக்கிறது. தாவரவியல் பெயரும் ‘குமினும் சிமினும்’. இவ்வளவு ஒத்துப்போனால் வேறென்னவாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் குமின என்பது ஆங்கிலத்தில் கேரவே எனப்படும் விதை. தாவரவியலில் ‘காரும் கார்வி’. தமிழ் அகராதிகள் சீமைச்சோம்பு என்று குறிப்பது. ஃபின்லாந்து வயல்களிலேயே விளைந்து ஏற்றுமதியாகிற பயிர் அது. ரொட்டியிலும் முட்டைக்கோஸ் உணவுகளிலும் அந்த ஊர்க்காரர்கள் பழகிய மணம். நம் சீரகத்துக்கு அங்கே பெயர் ‘யூஸ்தொகுமின’.

சொல் ஒன்று பிசகினால் என்ன ஆகும்? சமையல் குறிப்பில் குமின என்று எழுதிவிட்டால், அதைப் பார்த்துச் செய்பவரின் ரசம் சதகுப்பைக் கஷாயம் போல மணக்கும். குமினவின் மணத்துக்குக் காரணமான கார்வோன் என்ற பொருள் சதகுப்பை விதையிலும் உண்டு. சீரகத்தின் மணம் கியூமினால்டிஹைடிலிருந்து வருவது. இரண்டு மணத்துக்கும் உறவே கிடையாது. விதையைக் கையில் கொட்டிப் பார்த்தாலும் தெரியும்: குமின பிறை போல வளைந்து, கருமை கூடி, வழவழப்பாக இருக்கும், சீரகம் ஏறக்குறைய நேராக, வெளிறிய பழுப்பில், பூதக்கண்ணாடியில் மெல்லிய மயிர் தெரியும்படி இருக்கும்.

படிக்கும் முன் எழுத்து பற்றி

ஃபின்னிஷ் எழுதியபடியே ஒலிக்கும் மொழி. குறிலுக்கு ஓர் உயிரெழுத்து, நெடிலுக்கு அதே எழுத்து இரண்டு முறை. குறில் நெடில் பழகிய தமிழருக்கு இதில் சிரமமில்லை. அதனால் கீழே வரும் சொற்களைக் குறில் நெடில் மாறாமல் எழுதியிருக்கிறோம். ‘குமின’ என்று குறிலில் முடித்தது வேண்டுமென்றே செய்தது. ‘குமினா’ என்று நீட்டினால் அது வேறு வேற்றுமை. அதை அளவுகள் பற்றிய பகுதியில் பார்ப்போம்.

இரண்டு எச்சரிக்கைகள். இரட்டை மெய் கண்ட இடத்தில் எழுத்தும் இரட்டிக்க வேண்டும்: ‘பிப்புரி’யில் ப் இரண்டு. தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றை க, த, ப வந்தால் மெலிந்து ஒலிப்போம். ஃபின்னிஷில் அவை வல்லினமாகவே நிற்கும். ‘கர்தெமும்ம’ போன்ற சில சொற்களில்தான் த மெலியும். இன்னொன்று, இரண்டு புள்ளி தலையில் தாங்கிய அ. இது ‘பேங்க்’ என்று சொல்லும்போது வரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் எ, ஏ என்றே எழுதுகிறோம். அப்படி வரும் சொற்களைச் சுட்டிவிடுகிறோம். புள்ளியை விட்டுவிட்டு எழுதினால் பிழை மட்டுமல்ல, தேடலிலும் சில இடங்களில் அகப்படாது. அகர வரிசையில் அந்த எழுத்து கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும்.

முதலில் தமிழ்ச் சொல்லைச் சரிபாருங்கள்

பிழைகளில் பாதி ஃபின்னிஷ் பக்கத்தில் நடப்பதில்லை, தமிழ்ப் பக்கத்திலேயே நடந்துவிடுகின்றன. ‘சோம்பு’ என்றால் தமிழ்நாட்டுச் சமையலறையில் பெரும்பாலும் பெருஞ்சீரகம்தான், அதாவது ஆங்கிலத்து ஃபென்னல். ஆனால் பல பொட்டலங்களிலும் அகராதிகளிலும் அதற்கு ‘அனிசீட்’ என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ஃபின்னிஷில் ‘அனிஸ்’ என்று எழுதினால் வேறொரு செடி வந்து நிற்கும். ‘பெருஞ்சீரகம்’ என்ற பெயரைப் பிரித்து மொழிபெயர்த்துப் ‘பெரிய யூஸ்தொகுமின’ என்று எழுதியவர்களும் உண்டு. அப்படியொரு பொருள் அங்கே இல்லை. இலங்கைத் தமிழில் சீரகத்தை நற்சீரகம் அல்லது சின்னச் சீரகம் என்பார்கள். வெறும் ‘சீரகம்’ என்று எழுதியிருக்கும் குறிப்பில் எது என்று எழுதியவரையே கேட்டுவிடுவது நல்லது.

இலவங்கமும் இப்படித்தான். ‘இலவங்கம்’ கிராம்பு, ‘இலவங்கப்பட்டை’ பட்டை, இலங்கையில் கறுவா. கையெழுத்துக் குறிப்பில் ‘இலவங்’ என்று சுருக்கி எழுதியிருந்தால் அளவைப் பாருங்கள்: 4, 5 என்று எண்ணியிருந்தால் கிராம்பு, ஒரு அங்குலம் என்றால் பட்டை.

‘கொத்தமல்லி’ என்றால் இலையா விதையா என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஃபின்னிஷிலும் ‘கொரியந்தெரி’ இரண்டையும் குறிக்கும். குழப்பம் கடல் தாண்டியும் கூடவே வரும்.

செய்முறை

எந்த மசாலாவானாலும் வரிசை ஒன்றுதான். செடியின் தாவரவியல் பெயரைக் கண்டுபிடியுங்கள். அந்தச் செடியின் எந்த உறுப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்: விதை, இலை, பட்டை, மொட்டு, வேர்த்தண்டு, பிசின். பிறகு தாவரவியல் பெயரை வைத்து ஃபின்னிஷ் பெயரைத் தேடுங்கள். ஆங்கிலத்தை இடையில் நிறுத்தித் தேடினால் ஆங்கிலத்தின் குழப்பமும் சேர்ந்து வரும்.

தேட நான்கு இடங்கள் போதும். விக்கிப்பீடியாவில் செடியின் பக்கத்தைத் திறந்து மொழிப் பட்டியலில் ‘சுஓமி’யை (ஃபின்னிஷ் மொழியின் சொந்தப் பெயர்) தேர்ந்தெடுப்பது வேகமான வழி, ஆனால் பக்கத் தலைப்பு செடியின் பெயராக இருக்குமே தவிர, சமையலறைப் பெயராக இருக்கும் என்று சொல்ல முடியாது. ‘ஃபிந்தொ’ என்ற பொதுச் சொற்களஞ்சியத் தளத்தில் செடிகளின் ஃபின்னிஷ் பெயர்களுக்கென்றே ‘கஸ்ஸு’ என்ற தொகுப்பு இருக்கிறது. தாவரவியல் பெயரை நேராக இட்டுத் தேடலாம். சொல்லின் எழுத்துக்கூட்டையும் வேற்றுமையையும் பார்க்க, ‘கொதுஸ்’ எனப்படும் உள்நாட்டு மொழிகள் மையம் இணையத்தில் இலவசமாகத் தரும் அகராதி. சமையலறைப் பெயருக்கு ‘ஃபினெலி’: ஃபின்லாந்தின் உணவுச் சத்துத் தரவுத்தளம். இது ஃபின்னிஷ், சுவீடிஷ், ஆங்கிலம் மூன்றிலும் இருப்பதால் ஒரு பொருளை மூன்று பெயரிலும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்ததுதான் பலர் கவனிக்காத கருவி: சுவீடிஷ். ஃபின்லாந்துக்கு ஆட்சிமொழிகள் இரண்டு. பொட்டலங்களில் பொதுவாக இரண்டும் இருக்கும். ஃபின்னிஷ் சொல்லில் சந்தேகம் வந்தால் அதன் கீழே உள்ள சுவீடிஷ் சொல்லைப் பாருங்கள். ‘கும்மின்’ என்று மட்டும் இருந்தால் கேரவே. ‘ஸ்பீஸ்கும்மின்’ என்று இருந்தால் சீரகம். கிராம்புக்கு ‘க்ரித்நெய்லிகா’, முன்னால் வரும் ‘க்ரித்’ மசாலாவைக் குறிக்கும் சொல், அது இருந்தால் மசாலா, இல்லாவிட்டால் பூ. இரண்டு மொழியும் ஒரே பொருளைக் காட்டினால் நீங்கள் எழுதியது சரி.

பழைய சமையல் புத்தகங்களில் சீரகத்துக்கு ‘ரோமன்குமின’ என்றும் வரும், பொருள் ஒன்றே. சில பொட்டலங்களில் ‘ஜீரா’ என்றே அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் எழுதும்போது யூஸ்தொகுமினவையே பயன்படுத்துங்கள்.

சேர்த்து எழுதுவது

‘யூஸ்தொ’ என்றால் பாலாடைக்கட்டி, அதாவது சீஸ். யூஸ்தொகுமின ஒரே சொல். நடுவில் இடம் விட்டு ‘யூஸ்தொ குமின’ என்று எழுதினால், பொருட்களின் பட்டியலைப் படிப்பவர் ‘சீஸ், கேரவே’ என்று எடுத்துக்கொள்வார். பால் ஒவ்வாதவர் அந்தப் பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிடுவார். கணினி மொழிபெயர்ப்பில் திருப்பிப் பார்த்தால் ‘சீஸ் சீரகம்’ என்று வந்து சிலரைப் பயமுறுத்தும். சேர்த்து எழுதியிருந்தால் பயம் வேண்டாம், சீரகத்தில் சீஸ் எதுவும் இல்லை.

மிளகும் அப்படியே: ‘முஸ்தபிப்புரி’ ஒரே சொல். ‘முஸ்த’ கறுப்பு, ‘பிப்புரி’ மிளகு. பிரித்தால் ‘கறுப்பு நிறமான ஏதோ ஒரு மிளகு’ என்று தளர்ந்துவிடும். பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில்தான் தொடங்கும், ஊர்ப்பெயர் உள்ளே இருந்தாலும்: ‘செய்லொனின்கனெலி’, அதாவது இலங்கைக் கறுவா. வெறும் ‘கனெலி’ என்றால் பெரும்பாலும் சீனப் பட்டை வகை. அதில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். வித்தியாசம் முக்கியமான குறிப்பானால் முழுப் பெயரை எழுதுங்கள்.

பொறி வைத்திருக்கும் பெயர்கள்

மிளகை விட்டு மற்ற ‘பிப்புரி’களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘மவுஸ்தெபிப்புரி’யைப் பிரித்துப் பார்த்தால் ‘மசாலா மிளகு’ என்று வரும். ஆனால் அது ஆல்ஸ்பைஸ் என்ற வேறொரு மரத்தின் காய். கரேலியா என்ற பகுதிக்காரர்கள் இறைச்சிக் குழம்பில் முழுதாகப் போடுவது இதுதான். திப்பிலிக்கு ‘பித்கெபிப்புரி’, ‘பித்கெ’வில் வரும் எ புள்ளி வைத்த அ. பிப்புரி என்ற சொல்லே வடமொழி ‘பிப்பலீ’யிலிருந்து கிரேக்கம், லத்தீன், சுவீடிஷ் வழியாக வந்தது, திப்பிலிக்கு வழங்கிய பெயர் மிளகுக்கு ஒட்டிக்கொண்டு வடதுருவம் வரை போயிருக்கிறது. இஞ்சியின் பயணமும் அப்படியே: ‘இங்கிவேரி’யைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், இஞ்சிவேர் காதில் விழும். (அந்த ஏ, இரண்டு புள்ளி வைத்த அ இரண்டு முறை.) பெயர் ஒத்துப்போகிறதே என்று நம்பக்கூடாது என்ற விதிக்கு இங்கிவேரி ஒரு விலக்கு.

மிளகாய்க்கு ‘சிலி’. மிளகாய்த் தூளுக்கு ‘சிலியவுஹெ’ என்று எழுதலாமென்றாலும், அந்தப் பெயரில் சீரகம், பூண்டு கலந்த மெக்சிகோ பாணிக் கலவையும் விற்கும். அதனால் ‘யவுஹெத்து சிலி’, அரைத்த மிளகாய், என்று எழுதுவது பத்திரம். ‘பப்ரிக’ என்றால் குடைமிளகாய். அதன் தூளில் நிறம் கிடைக்கும், காரம் கிடைக்காது.

கிராம்புக்கு ‘நெய்லிக்க’. பூக்கடையில் கேட்டால் கார்னேஷன் பூவைத் தருவார்கள், மசாலா அலமாரியில் கிராம்பு. சமையல் குறிப்பில் சூழல் காப்பாற்றிவிடும். செடிகள் பற்றியோ மருந்து பற்றியோ எழுதினால் ‘மவுஸ்தெநெய்லிக்க’ என்று முன்னொட்டுச் சேருங்கள்.

சாதிபத்திரிக்கு ‘முஸ்கொத்திகுக்க’. ‘குக்க’ என்றால் பூ. சாதிபத்திரி பூ அல்ல, சாதிக்காயின் கொட்டையைச் சுற்றிய செந்நிறச் சவ்வு. இருந்தாலும் பெயர் அதுதான், திருத்தப் போகாதீர்கள். சாதிக்காய் ‘முஸ்கொத்திபெஹ்கினெ’, ‘பெஹ்கினெ’யில் வரும் இரண்டு எகரமும் புள்ளி வைத்த அ. அன்னாசிப்பூவுக்கு ‘தெஹ்தியனிஸ்’, நட்சத்திர அனிஸ். இதிலும் முதல் எ புள்ளி வைத்தது.

பெருஞ்சீரகத்துக்கு ‘ஃபெங்கொலி’ என்று மட்டும் எழுதினால், வாங்கப் போனவர் காய்கறிப் பகுதியிலிருந்து வெங்காயம் போன்ற வெள்ளைக் கிழங்கோடு வந்து நிற்பார். ‘ஃபெங்கொலின்சியெமென்’ என்று விதையைச் சேர்த்தே எழுதுங்கள். ‘சியெமென்’ விதை.

கருஞ்சீரகத்துக்கு ‘முஸ்தகுமின’ என்ற பெயர் புழக்கத்தில் இருக்கிறது. ‘ரொஹ்தொநெய்தொன்குக்க’ என்பதும் அதே செடி. முதல் பெயரில் குமின இருப்பதைப் பார்த்து இதைக் கேரவேயின் கறுப்பு வகை என்று எண்ணக்கூடாது. வட இந்தியாவின் ஷாஹி ஜீராவையும் ஆங்கிலத்தில் ‘பிளாக் கமின்’ என்று சொல்வதால், இங்கே ‘நைஜெல்லா சட்டைவா’ என்ற தாவரவியல் பெயரையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். ஓமத்துக்கும் இதே வழி.

வெந்தயம் சுலபம்: ‘சர்வியபில’. சர்வி கொம்பு, அபில தீவனச் செடி வகை. காய் கொம்பு போல நீண்டிருப்பதால். பெருங்காயத்துக்கு ‘பிருன்பிஹ்க’, பேயின் பிசின். பெயர் வைத்தவர் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். சுவீடிஷ் பெயரிலும் பேய் இருக்கிறது. மஞ்சள் ‘குர்கும’, ஏலக்காய் ‘கர்தெமும்ம’, குங்குமப்பூ ‘சஹ்ரமி’, புளி ‘தமரிந்தி’: இவற்றில் பொறி ஏதும் இல்லை. குங்குமப்பூவில் உள்ள ‘குங்கும’வும் குர்குமவும் பார்க்க ஒன்றுபோல இருப்பது மட்டும் கை தவற வைக்கும்.

கறிவேப்பிலைக்குக் ‘கறி’ என்று மட்டும் எழுதினால் மஞ்சள் நிறக் கறித்தூள் என்று பொருள். ‘கறிலெஹ்தி’, கறி இலை, என்று எழுத வேண்டும்; ‘லெஹ்தி’ இலை, பன்மையில் ‘லெஹ்தெத்’.

முழுதா, அரைத்ததா

பொட்டலத்தில் பெயரோடு நிலையும் வரும். முழுதாக இருந்தால் ‘கொகொனய்னென்’, அரைத்தது ‘யவுஹெத்து’, உலர்ந்தது ‘குய்வத்து’, பச்சை ‘துவொரெ’. கொத்தமல்லித் தழை ‘துவொரெ கொரியந்தெரி’, தனியா ‘கொரியந்தெரின்சியெமென்’. சுக்குக்குத் தனிப் பெயர் இல்லை: ‘குய்வத்து இங்கிவேரி’.

ஓர் எழுத்து பிசகினால் பொருள் கெடும் இடமும் இதுதான். ‘யவுஹெ’ தூள், ‘யவுஹொ’ மாவு. இங்கிவேரியவுஹெ சுக்குத்தூள். கடைசியில் ஒ போட்டால் இஞ்சி மாவு. அப்படி எதுவும் இல்லை என்பதால் வாசகர் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் பெருங்காயத் தூளில் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும். கடைப் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்: ‘வெஹ்னெயவுஹொ’, ‘வெஹ்னெ’யின் கடைசி எ புள்ளி வைத்த அ. அதை வெறுமனே தூள் என்று எழுதிவிட்டால் கோதுமை ஒவ்வாதவருக்கு ஆபத்து.

அளவோடு எழுதும்போது

பொட்டலத்தின் பெயரும் பொருட்களின் பட்டியலும் எழுவாய் வேற்றுமையில் இருக்கும்: யூஸ்தொகுமின, குர்கும, கனெலி. சமையல் குறிப்பில் அளவு வந்ததும் சொல்லின் வால் மாறும். பகுதி வேற்றுமை என்று சொல்லலாம், ‘இதில் கொஞ்சம்’ என்ற பொருளில்.

குறில் அகரத்தில் முடியும் சொல் நீளும்: குமின என்பது குமினா, குர்கும என்பது குர்குமா. இகரத்தில் முடிந்தால் கூட ஓர் அகரம் சேரும்: கனெலி கனெலிஅ, பிப்புரி பிப்புரிஅ. இங்கிவேரியில் ஏற்கெனவே புள்ளி வைத்த உயிர் இருப்பதால் சேரும் அகரமும் புள்ளி வாங்கிக்கொள்ளும்: இங்கிவேரிஎ. உயிர்கள் ஓரினமாக இருக்க வேண்டும் என்பது அந்த மொழியின் பிடிவாதம்.

‘வறுத்து அரைத்த சீரகம் 1 தேக்கரண்டி’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘பாஹ்தெத்து’ வறுத்த, ‘யவுஹெத்து’ அரைத்த. அளவு முன்னால் வந்துவிட்டதால் மூன்று சொல்லுமே வால் வாங்கும்: 1 தேக்கரண்டி ‘பாஹ்தெத்துஅ யவுஹெத்துஅ யூஸ்தொகுமினா’. பெயரை மட்டும் மாற்றிவிட்டு அடைமொழிகளை அப்படியே விட்டுவிடுவதுதான் கணினியில் ஒட்டுப்போட்ட குறிப்பின் அடையாளம்.

விதைகளைக் கரண்டியால் அளந்தால் பன்மை வேண்டும்: சியெமென் ‘சியெமெனியெ’ ஆகும், கடைசி எ புள்ளி வைத்த அ. எண்ணிப் போடுவதானால் ஒருமையே: 2 ‘கனெலிதங்கொஅ’, இரண்டு பட்டைத் துண்டு, 4 ‘நெய்லிக்கா’, நான்கு கிராம்பு. தமிழிலும் ‘நான்கு கிராம்பு’ என்றுதான் சொல்கிறோம், கிராம்புகள் என்பதில்லை; அதனால் நமக்கு இது இயல்பாக வரும்.

கடுகில் இரட்டை மெய்யின் விளையாட்டைப் பார்க்கலாம். கடுகு ‘சினப்பி’. அதன் விதை ‘சினபின்சியெமென்’; உடைமை வேற்றுமையில் ப் ஒன்று உதிர்ந்துவிடும். கசகசாவும் அப்படி: ‘உனிக்கொ’ செடி, ‘உனிகொன்சியெமென்’ விதை. ‘சினப்பின்சியெமென்’ என்று எழுதினால் எழுத்துப் பிழை. விதை என்று சேர்க்காமல் சினப்பி என்று மட்டும் விட்டால் குழாயில் வரும் மஞ்சள் கடுகுக் குழம்பைத் தாளிக்கச் சொன்னதாகிவிடும்.

கரண்டி அளவுகளில் தேக்கரண்டி 5 மி.லி. (டி, எல் என்று சுருக்குவார்கள்), மேசைக்கரண்டி 15 மி.லி. (ஆர், கே, எல்). இவற்றோடு 1 மி.லி. அளக்கும் ‘மவுஸ்தெமித்த’, மசாலா அளவை, அங்கே அளவுக் கரண்டித் தொகுப்புகளில் பொதுவாக உண்டு. ‘ஒரு சிட்டிகை பெருங்காயம்’ என்று தடுமாறாமல், அளவு தெரிந்தால் அரை மவுஸ்தெமித்த என்று எழுதிவிடலாம். அதன் சுருக்கமும் எம், எம் என்பதால் மில்லிமீட்டர் என்று படித்துவிடாதீர்கள்.

விற்பனைக்கான ஒட்டுத்தாளானால்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதியின்படி 14 ஒவ்வாமைப் பொருட்கள் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிடப்பட வேண்டும். மசாலாக்காரருக்கு இதில் முக்கியமானவை கடுகு, எள், கோதுமை போன்ற பசையத் (குளூட்டன்) தானியங்கள். கூட்டுச் சொல்லானால் அந்தப் பகுதியை மட்டும் தடித்த எழுத்தில் காட்டலாம்: வெஹ்னெயவுஹொவில் ‘வெஹ்னெ’, சினபின்சியெமெனில் ‘சினபின்’.

சாம்பார் பொடி, ரசப்பொடி என்ற பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். ‘சாம்பார்’ என்று எழுதி, சிறு கோடு இட்டு, ‘மவுஸ்தெசெகொய்துஸ்’, மசாலாக் கலவை, என்று சேருங்கள். கோடு இல்லாமல் இடம் விட்டால் அங்கேயும் யூஸ்தொகுமினவுக்கு நேர்ந்த கதிதான். உள்ளே இருப்பவற்றை எடை இறங்கும் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் எழுவாய் வேற்றுமையில் எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் கோப்பில் ‘குமின’ என்று தேடிப் பாருங்கள்: முன்னால் ‘யூஸ்தொ’ இல்லாத குமின ஒன்று கிடைத்தாலும், அது கேரவேயாக இருக்க நீங்கள் நினைத்தீர்களா என்று தமிழ் மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.